செருப்பை மறந்த மூக்கையா

"செருப்பைக்கூட மறந்துட்டுப் போயிட்டார் மேடம். அந்த அளவுக்கு முத்திப்போச்சு அவருக்கு."

சொல்லிவிட்டு ராம்குமார் மூக்கை உறிஞ்சினான். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. உமையாளுக்கு எரிச்சல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. துப்பறியும் தொழிலுக்குக் கோபம் ஆகாது என்று சொல்லாத ஆளில்லை. அவளுக்கோ கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும், என்ன செய்ய?

ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடத்தைத் தாண்டி, கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்த ஹாலிடே பார்க். மரத்தாலான சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு மீனின் பெயர். ராம்குமார் குடும்பம் தங்கியிருந்த வீட்டுக்குப் பெயர் 'சீலா'.

"குழம்பு வைக்கிற மீனெல்லாம் வீட்டுக்குப் பேரு ஆயிருச்சுக்கா" என்று காதைக் கடித்தான் டென்னிஸ். தங்கச்சிமடத்துக்காரன். உமையாளுக்கு உதவியாள், கார் டிரைவர், தேவையில்லாத நேரத்தில் வாயாடி, மூன்றும் அவன்தான். "எங்க அம்மா கேட்டா அருவாமனையத் தூக்கிட்டு வந்துரும்."

"வாய மூடுலே."

சென்னையில் வேலை பார்க்கும் ராம்குமார், மனைவி துர்காதேவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவன். ஊர் கடலாடிக்குப் பக்கம். அங்கிருந்து அப்பா மூக்கையாவையும் ஏற்றிக்கொண்டு நேற்றுக் காலை இங்கே வந்து சேர்ந்தானாம். எழுபதைத் தாண்டிய மனிதர், பனங்காடும் மானாவாரி நிலமுமாக வாழ்ந்த சம்சாரி. இன்று விடிகாலை ராம்குமார் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். கடல் பக்கம் வேலி கிடையாது. எந்தத் திசையிலும் போயிருக்கலாம்.

"போலீசுக்குச் சொல்லலையா?"

"குடும்ப மானம் மேடம். அதான் ராமநாதபுரத்துல விசாரிச்சு உங்களைக் கூப்பிட்டேன். சாயங்காலம் டாக்டர் வர்றார். மறதி நோய்தான்னு அவர் பார்த்துச் சொல்லிட்டா மதுரையில ஒரு இல்லத்துல சேர்த்துடலாம், நல்லா கவனிச்சுக்குவாங்க. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

உமையாள் அறைக்குள் நுழைந்தாள். ஏ.சி. குளிரில் இரண்டு கட்டில்கள் பிள்ளைகளின் துணிமணியோடு கிடந்தன. மூன்றாவது கட்டிலில் விரிப்பு கசங்கவே இல்லை. அதற்குக் கீழே, வெறுந்தரையில், ஒரு துண்டு விரித்துக் கிடந்தது.

"தரையிலதான் படுத்தார்" என்றான் ராம்குமார். "மெத்தை எதுக்குன்னே மறந்துபோச்சு போல."

மேசையில் நேற்று இரவின் தட்டு ஒன்று இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. வறுத்த வஞ்சிரத் துண்டு காய்ந்துபோய்க் கிடக்க, பக்கத்தில் இரண்டு வாழைப்பழத் தோல்கள்.

"மீனுன்னா உயிரை விடுவாரு மாமா" என்றாள் துர்காதேவி, போனிலிருந்து தலையைத் தூக்காமல். "நேத்து தொடவே இல்ல. தட்டத் தள்ளி வச்சுட்டு என்னமோ கண்ணை மூடி முணுமுணுங்கிறாரு. பிள்ளைங்க பயந்துருச்சுங்க."

"நீங்களே பாருங்க" என்று தன் கைபேசியை நீட்டினான் ராம்குமார். விடிகாலையில் எடுத்த படம். தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறார் பெரியவர், கையைத் தலைக்கு வைத்தபடி. "டாக்டர்கிட்ட காட்டணும்னு எடுத்தேன். உங்களுக்கும் அனுப்பிட்டேன். தேடுறதுக்கு உதவும்."

வாசலில் அந்தச் செருப்பு ஜோடியாக இருந்தது. கழற்றிப்போட்ட மாதிரி இல்லை. சுவரோரமாக, யார் காலும் படாத இடத்தில் ஒதுக்கி வைத்த செருப்பு. உமையாள் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடிப்பாகத்தில் உலர்ந்த செம்மண். கடற்கரை மணல் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை. நேற்று முழுக்க மனிதர் இதைப் போடவே இல்லை; யாரோ காரில் எடுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தரையில் படுக்கை. கவிச்சி கிடையாது. காலில் செருப்பு கிடையாது. கண்ணை மூடி முணுமுணுப்பு. சாயல்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த உமையாளுக்கு இதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டுமா?

"உங்க ஊர்ல இப்பக் கோயில் பொங்கல் எதுவும் சாட்டியிருக்காங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"சேச்சே. அதெல்லாம் ஆடியிலதான்" என்றான் ராம்குமார். பட்டென்று வந்தது பதில். கொஞ்சம் அதிகமாகவே பட்டென்று.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் உமையாள் டென்னிஸைப் பார்த்தாள். "கடலாடியில உனக்கு யாரையாச்சும் தெரியுமா?"

"வேல்ராஜைத் தெரியும். டீக்கடை வச்சிருக்கான். கடலாடியில எவன் தும்முனாலும் அவனுக்குத் தெரியும்."

"ஸ்பீக்கர்ல போடு."

வேல்ராஜ் பாட்டை அணைத்துவிட்டுப் பேச்சை எடுத்தான். "மூக்கையா பெரியவரா? என்னடா நீ, அங்கன ஊரே தலையில கைய வச்சு உக்காந்திருக்கு! முந்தாநேத்துத்தேன் காப்புக் கட்டுச்சு. மொத அக்கினிச்சட்டி அவரு எடுக்குறதுதான் வழக்கம். கையில காப்பக் கட்டிக்கிட்டு ஆளு ராத்திரி ஊர்ல இல்ல. காப்புக் கட்டுனவரு பொழுது சாஞ்சா எல்லைக்கு வெளிய தங்கலாமா? பூசாரி அழுகுறாரு."

"மகன் எப்படி?" உமையாள் குறுக்கிட்டாள்.

"யாரு, ராம்குமாரா? இறால் பண்ணைக்காரங்க பனங்காட்டக் கேட்டு ஒரு வருசமா நடக்குறாங்க. பெரியவரு செத்தாலும் தர மாட்டேன்னுட்டாரு. இவன் அட்வான்சு வாங்கிட்டான்னு பேச்சு."

டென்னிஸ் போனை வைத்தான்.

"அடப்பாவி" என்றாள் உமையாள். காரின் முன்பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "விரதத்தைப் பைத்தியம்னு சொல்றான்லே! பெத்த அப்பன் விரதமிருந்து தரையில படுத்தா, மெத்தை எதுக்குன்னு மறந்துட்டாராம். கெழவனுக்குப் புத்தி சரியில்லன்னு டாக்டர் வாயால சொல்ல வச்சுட்டா, சொத்தைத் தன் பொறுப்புல எடுக்க கோர்ட்டுக்குப் போவான். அதுக்கு நாம சாட்சி! துப்பறியும் ஆளு வச்சுத் தேடுற அளவுக்கு அப்பன் வழி தெரியாம அலையிறாருன்னு சொல்லத்தான் நம்மளக் கூப்பிட்டிருக்கான்!"

"எனக்குக்கூட ஆச்சரியமாத்தேன் இருந்துச்சுக்கா. நம்மள நம்பி ஒருத்தன் கேஸ் குடுக்குறானேன்னு."

"வண்டிய எடு. பெரியவரு ஊருக்குத்தான் போயிருப்பாரு. இவன் கையில சிக்குறதுக்கு முன்னாடி நாம பிடிக்கணும்."

அக்காள்மடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே யாகப்பம்மாள் இட்லிக்கடை போட்டிருந்தாள். விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டுகிறவள். தீவை விட்டு வெளியே போகிற யாரும் அவள் கண்ணில் படாமல் பஸ் ஏற முடியாது. டென்னிஸுக்கு அவள் ஒரு வகையில் சித்தி முறை.

"வெறுங்காலோட ஒரு பெரியவரா? இல்லையேப்பா" என்றாள் படத்தைப் பார்த்து. "மீன் வண்டியில கீண்டியில ஏறியிருந்தாலும் இங்கனதேன் நிறுத்தி டீ குடிப்பாங்க. இந்த மொகம் வரலை."

கரைவழியாக நடந்திருந்தால்? டென்னிஸ் வலை உலர்த்திக்கொண்டிருந்த சொந்தக்காரர்களிடம் ஓடிப்போய் விசாரித்து வந்தான். அங்கேயும் இல்லை. மனிதர் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை.

உமையாளுக்குத் தலைக்குள் கொதித்தது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, அதுவும் தன் கணக்கில். காப்புக் கட்டிய மனிதர், ராத்திரி ஊரில் இல்லாத குற்றம் நெஞ்சில் உறுத்த, கண் விழித்ததும் எல்லையைப் பார்த்துத்தானே ஓடுவார்? ஏன் ஓடவில்லை?

கைபேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். தரை, துண்டு, தூங்கும் முகம். தலைக்கு வைத்திருக்கும் வலது கை. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

"டென்னிசு, இந்தக் கையில காப்பு எங்க?"

அவன் எட்டிப் பார்த்தான். "காணோமே. அந்த வேல்ராஜ் பய பொய் சொல்லிட்டானா?"

"மணிக்கட்டைச் சுத்திப் பாரு."

மஞ்சள் கறை. வளையம் போட்ட மாதிரி சுற்றிவர மெல்லிய மஞ்சள் கறை, தோலில் இன்னும் ஈரம் போகாத நிறத்தில். மஞ்சள் கிழங்கு கட்டிய நூல் அங்கே இருந்திருக்கிறது. படம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்வரை இருந்திருக்கிறது.

"தூங்கும்போது அறுத்திருக்கான்" என்றாள் உமையாள். குரல் தணிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் உச்சிக்குப் போனால் குரல் இறங்கும். "காப்பு கையில இருந்தா எந்த டாக்டரா இருந்தாலும் பார்த்த உடனே கேட்பான், என்ன அய்யா விரதமான்னு. தரைப் படுக்கை, செருப்பு, சாப்பாடு, எல்லாத்துக்கும் அந்த ஒரு நூலு பதில் சொல்லிரும். அதனால அதை இல்லாம ஆக்கிட்டான்."

"சரிக்கா. அதுக்கும் பெரியவரு ஊருக்குப் போகாததுக்கும்?"

"காப்பு அறுந்த கையோட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எல்லைக்குள்ள கால் வைப்பாரு? மொத சட்டி எடுக்கிற மனுசன்லே அவரு! ஊருக்குப் போகணும்னா அவருக்கு அது வேணும். காணாமப்போன பொருளை எங்க தேடுவே?"

டென்னிஸ் காரைத் திருப்பினான்.

ஹாலிடே பார்க்கின் முன்பக்கத்தில் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் ரப்பர் வாத்தோடு கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உமையாள் நிற்காமல் நடந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால், தகரம் வைத்து மறைத்த ஒரு சந்து. அங்கேதான் எல்லா வீட்டுக் குப்பையும் வந்து விழும். மீன் செதில், இறால் தோடு, பிள்ளைகளின் டயப்பர், எச்சில் இலை. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அதன் நடுவில் மூக்கையா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை வேட்டி பழுப்பாகியிருந்தது. முழங்கை வரைக்கும் அழுக்கு. ஒரு கறுப்புப் பையைப் பிரித்துக் கொட்டி, விரலால் பரப்பி, துழாவி, ஒதுக்கினார். பிறகு அடுத்த பை. தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற சமையல்காரன், "காலையிலேர்ந்து பொறுக்குதுங்க, பைத்தியம் போல. விரட்டினாலும் போகல" என்றான். அவனை ஒரு பார்வை பார்த்தாள் உமையாள். அவன் உள்ளே போய்விட்டான்.

இந்த மனிதரை இப்படி உட்கார வைத்தவன் அங்கே ஏ.சி.யில் இருக்கிறான். கை பரபரத்தது அவளுக்கு. போய் நாலு அறை விட்டால் தேவலை என்றிருந்தது.

"அய்யா" என்று குனிந்தாள். "காப்பையா தேடுறீங்க?"

பெரியவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, பார்வையோ தெளிவாக இருந்தது. "யாரு தாயி நீ? உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்றேன். என்ன நடந்துச்சு?"

"ராமேஸ்வரத்துல சாமியக் கும்பிட்டுப் பொழுது சாய ஊருக்கு வந்துரலாம்யான்னான். பேரப்பிள்ளைக ஆசையா இருக்குதேன்னு நம்பி ஏறுனேன். இங்கன கொண்டாந்து அடைச்சுட்டான். நான் போகணும்லே, காப்புக் கட்டியிருக்கேன்னு கத்துனேன். சத்தம் போடாதீகன்னு பாலக் குடுத்தான். முழிச்சுப் பாத்தா கை வெறுங்கையா இருக்கு." அவர் குரல் உடையவில்லை, கரகரத்தது. "கேட்டா, அப்படி எதுவும் கட்டவே இல்லையே, மறந்துட்டீகளாங்கிறான். என்கிட்டயே!"

"ஐயோ, இங்கயா இருக்கார்!"

திரும்பினால் ராம்குமார். பக்கத்தில் துர்காதேவி, மூக்கைப் பொத்தியபடி. கூடவே கைப்பையோடு ஒரு நடுவயதுக்காரர், ராமநாதபுரத்து டாக்டர் அகமது கபீர். சாயங்காலம் வர வேண்டியவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா டாக்டர்? நான் சொன்னப்ப நம்பலையே நீங்க." ராம்குமாரின் குரல் தழுதழுத்தது. மனுஷன் நடிப்பதில் குறை வைக்கவில்லை. "குப்பையைக் கிளறிட்டு இருக்கார். இன்னும் என்ன வேணும்? இதோ, துப்பறியும் மேடமே சாட்சி. தேடி இங்கதான் கண்டுபிடிச்சிருக்காங்க."

டாக்டர் குப்பையைப் பார்த்தார், பெரியவரின் கையைப் பார்த்தார், இரக்கத்தோடு தலையை அசைத்தார். பெரியவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலும் இப்போது அது உளறலாகத்தான் கேட்கும். காப்பு இருந்தது என்று காட்ட அவரிடம் எதுவும் கிடையாது. மஞ்சள் கறையும் மீன் கழிவில் கரைந்து போயிருந்தது; படத்தில் தெரிகிற மெல்லிய கோட்டை வெறும் நிழல் என்று மகன் தள்ளிவிடுவான்.

பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயாலேயே வர வேண்டும்.

உமையாள் நிமிர்ந்து நின்று, துர்காதேவியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி பெரியவரிடம் சொன்னாள். "அய்யா, தேடாதீங்க. அது கெடைக்காது. அம்மன் காப்பை உங்க மகன் அறுத்து, இந்த மீன் கழிவுக்குள்ள, இந்த டயப்பரோட டயப்பரா எறிஞ்சுட்டாரு. குப்பை வண்டி விடியுமுன்னேயே வந்து ஒரு பங்கை அள்ளிட்டுப் போயிருச்சு."

மூக்கையா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஏலே! குப்பையிலயா போட்ட? ஆத்தா காப்பையா?"

துர்காதேவியின் முகம் வெளிறியது. மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது. குளத்தின் பக்கம், பிள்ளைகளின் சத்தம் வந்த பக்கம், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க! குப்பையிலயா போட்டீங்க? எச்சில்லயா? நம்ம பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா... உங்களுக்கு அறிவிருக்கா?"

"குப்பையில எவன் போட்டான்?" ராம்குமார் கத்தினான். "அதைப் போய்க் குப்பையில போடுவாங்களாடி? கேட்டுக்குப் பக்கத்துல வேப்பமரத்துல சுத்தமாத்தான் கட்டி வச்சிருக்கேன்! கற்பூரம்கூட ஏத்தினேன்..."

அவன் நிறுத்தினான். நிறுத்தி என்ன செய்ய? வந்தது வந்துவிட்டது.

டென்னிஸ் யாரும் சொல்லாமலே கேட்டைப் பார்த்து ஓடினான். திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு சின்ன வேப்பங்கிளை இருந்தது. அதில் மஞ்சள் நூல், மஞ்சள் கிழங்கு, கத்தரி வைத்து வெட்டிய நேரான முனை.

"நூலை நான் தொடலக்கா. கிளையோட ஒடிச்சுட்டேன்" என்றவன் ராம்குமாரிடம் திரும்பினான். "ஏன் சார், பாலுல மாத்திரை போடும்போது கற்பூரம் ஏத்தலையா?"

"வெறும் தூக்க மாத்திரைதான்..." என்று ஆரம்பித்த ராம்குமார் மறுபடி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நாயே" என்றாள் உமையாள். நல்ல வார்த்தையைத் தேடிப்பார்த்தும் கிடைக்கவில்லை அவளுக்கு. "பெத்தவருக்கு மயக்க மருந்து குடுக்கும்போது கை நடுங்கல. அவரைக் குப்பையில உக்கார வச்சுட்டு, அந்த நூலுக்குக் கற்பூரம் காட்டியிருக்கே. நூலுக்குப் பயந்தவன் அப்பனுக்கு ஏன்யா பயப்படல?"

டாக்டர் கபீர் கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க வீட்டு வாசல் வழியாத்தான் முளைப்பாரி போகும்" என்றார் மெதுவாக. "காப்புக் கட்டுனவங்க கட்டில்ல படுக்க மாட்டாங்க, கவிச்சி தொட மாட்டாங்கன்னு தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என்னை என்னன்னு நினைச்சுக் கூப்பிட்டீங்க தம்பி?"

"டாக்டர், நீங்க பெரியவர் சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. மறதி இருக்கிறது உண்மை. நீங்களே கேட்டுப் பாருங்க!" ராம்குமார் விடுவதாக இல்லை.

"கேட்காம போக மாட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கு." டாக்டர் பெரியவர் அருகே போய், அந்த அழுக்கோடு அழுக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அய்யா, ஒரே ஒரு கேள்வி. இங்க நிக்கிறாரே, இவர் யாருன்னு தெரியுதா?"

மூக்கையா மகனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு துடித்தது, தாடை இறுகியது.

உமையாளுக்குப் புரிந்துவிட்டது, என்ன வரப்போகிறதென்று. எந்த அப்பனுக்கும் இந்த நேரத்தில் ஒரே பதில்தான் வரும். யாரோ, எவனோ, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராம்குமாரும் காத்திருந்தான். அவன் முகத்தில் நம்பிக்கை மறுபடி எட்டிப் பார்த்தது. சொல்லிராதீங்கய்யா, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். கோபத்துல அதை மட்டும் சொல்லிராதீங்க.

"இவன் யாருன்னே தெரியாதுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு டாக்டரே" என்றார் மூக்கையா. "சொன்னா இவனுக்குத்தேன் கொண்டாட்டம். அதனால சொல்ல மாட்டேன்."

தகரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். டென்னிஸ் கை கொடுக்கப் போனான், வேண்டாம் என்று தள்ளினார்.

"எம் மவன். பேரு ராம்குமார். நாந்தேன் வச்சேன். பனங்காட்டப் பாக்க ஆளு பொறந்துட்டான்னு அன்னைக்கு ஊரு பூரா கருப்பட்டி குடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு இவனத் தோள்ல தூக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கு. நேத்து இவன் குடுத்த பாலு கசந்ததும் ஞாபகம் இருக்கு, மவன் குடுக்குறானேன்னு மிச்சம் வைக்காமக் குடிச்சதும் ஞாபகம் இருக்கு. ஒண்ணுகூட மறக்கல டாக்டரே. இனிமேயும் மறக்க மாட்டேன்னு நல்லா எழுதிக் குடுங்க இவன் கையில."